டிராக்டர் மானிகளின் பிழையும் பரிகாரமும்

டிராக்டர் வைத்துப் பயிரிடும் குடியானவர்களில் அநேகர், ஓட்டுபவருக்கு எதிரே பலகையில் பதித்திருக்கும் மானிகளை வண்டி வாங்கிய முதல் இரண்டு மூன்று வருஷங்களுக்கு மட்டுமே கவனித்து வருகிறார்கள். அதன் பிறகு ஒரு முள் அசையாமல் நின்றுவிடுகிறது. மற்றொன்று டீசல் நிறைந்த டாங்கைக் காலி என்று காட்டுகிறது. வேறொன்று வண்டி குலுங்குந்தோறும் காற்றில் ஆடும் வைக்கோலைப் போல் ஆடுகிறது. மானி இல்லாமலே வண்டி ஓடத்தான் செய்கிறது என்று கண்டபின், அவற்றைப் பழுது பார்க்கும் எண்ணம் ஒருவருக்கும் எழுவதில்லை. சென்னையில் 1960-ஆம் வருஷம் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனத்தாரின் மாஸி பெர்குஸன் 1035 முதலிய வண்டிகளும், பழைய ஃபோர்டு வண்டிகளும் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து இன்றும் பல கிராமங்களில் சேற்றில் இறங்கி வருகின்றன. எஞ்சின் இன்னும் பலமாக இருக்க, அதன் நிலையைத் தெரிவிக்கும் மானிகள் மட்டும் செத்துக் கிடப்பது இவ்வண்டிகளில் சாதாரணமான காட்சி.

இதனால் நேரக்கூடிய நஷ்டம் எத்தகையது என்பதற்குக் காவேரிப் பாசனப் பகுதியில் ஒரு மிராசுதாரின் வயலில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று போதும். குறுவைக்குத் தொளி அடிக்கும் சமயம். நாற்று இருபத்தைந்து நாள் வயதாகி நடவுக்குக் காத்திருந்தது. அவருடைய வண்டியின் உஷ்ணமானி வெகுகாலமாக முறையாகக் காட்டுவதில்லை. முள் நடுவுக்கு மேல் ஏறியதே கிடையாது. அன்று பிற்பகல் முள் கீழே இறங்கிக் குளிர்ந்த நிலையில் நின்றது. ஓட்டுபவர் அதைப் பார்க்காமல் இல்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்றே எண்ணி மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ரேடியேட்டரின் அடிப்புறத்து ரப்பர்க் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் சேற்றோடு சேறாகப் போயிருந்தது. ஹெட்டு விரிந்து, கேஸ்கெட்டும் கருகிப் போயிற்று. "ஐயா, முள் கீழேதானே இருந்தது" என்று ஓட்டுபவர் சொன்னது பொய்யல்ல. சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வற்றியபின் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் தொங்கிக்கொண்டு, தன்னைத் தொட்டதன் சூட்டை மட்டும் தெரிவித்தது. வண்டி பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் நாற்று முற்றிவிட்டது. குறுகிய வயதுள்ள குறுவை நெல்லில் முற்றிய நாற்றை நட்டால் தூர் குறைந்து மாசூல் விழும் என்பது விவசாயிகள் அறிந்ததே. அவ்வருஷத்து நஷ்டத்தில் ஹெட்டுக்குக் கொடுத்த கூலி சிறு பகுதியே.

அந்த முள் முன்பு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால், அது திடீரென்று விழுந்தவுடனே ஓட்டுபவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். வழக்கமாகப் பொய் சொல்லும் மானியை நம்பாமல் இருப்பது எளிது. அது உண்மை சொல்லும் நாளில் அடையாளம் கண்டுகொள்வதுதான் இயலாத காரியம். ஆகையால் பிழையுள்ள மானியை எந்த முறையில் சோதிப்பது, எதை முதலில் பார்ப்பது என்பதை ஒவ்வொரு டிராக்டர் சொந்தக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒரு சோதனை மீட்டரும், மூன்று நான்கு முழம் கம்பியும், கொஞ்சம் உப்புத்தாளும் போதுமானவை.

முதலில் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நலம். டீசல் மானியோ, மின்சாரம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஆம்மீட்டரோ கோளாறாய்த் தோன்றினால் வேலையை முடித்துவிட்டுச் சாவதானமாகப் பார்க்கலாம். எண்ணெய் அழுத்த மானியும் உஷ்ணமானியும் அப்படியல்ல. இவ்விரண்டில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் காட்டினால், முள் சரியாகவே சொல்லுகிறது என்று கொண்டு எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் மட்டத்தையும் தண்ணீர் மட்டத்தையும் கண்ணால் பார்த்த பிறகே மானியைக் குற்றம் சொல்ல வேண்டும். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்; கை வைத்தால் பொறுக்கக்கூடிய அளவு ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நிற்க. மானிகள் இரு வகைப்படும். ஒன்று மின்சாரம் இல்லாமல் இயங்குவது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் பழைய மானிகளுக்கு எஞ்சினிலிருந்தே ஒரு மெல்லிய குழாய் வரும். மானிக்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று அழுத்தம் ஏற ஏறச் சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். பிரெஞ்சுக்காரரான பூர்தோன் என்பவர் 1849-ஆம் வருஷத்தில் உரிமை பெற்ற இவ்வமைப்பு இன்றளவும் மாறவில்லை. மற்றொன்று மின்சாரத்தால் இயங்குவது. டாங்கிலோ எஞ்சினிலோ உள்ள சென்சர் தன் மின்தடையை மாற்ற, அதற்கேற்பப் பலகையிலுள்ள முள் நகரும். சாவியைத் திருப்பும்போது கவனித்தால் எவ்வகை என்பது தெரிந்துவிடும். எஞ்சின் கிளம்பாமல் சாவி திருப்பின மாத்திரத்தில் எழும் முள் மின்சார வகையைச் சேர்ந்தது. அவற்றிலும் சில சட்டென்று தாவும். சில சோம்பலாக ஏறும். சோம்பலாக ஏறுவதைப் பிழை என்று எண்ண வேண்டியதில்லை. அவற்றினுள் இரட்டை உலோகத் தகடு ஒன்று மின்சாரத்தால் சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சூடேறுவதற்குச் சிறிது அவகாசம் வேண்டுமல்லவா?

மின்சார மானிகளில் காணும் பிழைகளில் பெரும்பகுதி மானியிலும் இல்லை, சென்சரிலும் இல்லை, எர்த்தில் இருக்கிறது. பாட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்புடம்போடு இணைக்கப்பட்டு, அவ்வுடம்பே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாக அமைந்திருப்பதை எர்த் என்கிறோம். புது வண்டியில் இவ்வழி சுத்தமாக இருக்கும். வருஷா வருஷம் சேற்றில் இறங்கி, பிறகு பம்புசெட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, துரு பிடித்து, அதன்மேல் பெயின்டும் அடித்தபின், இவ்வழி பாதி அடைபட்டுவிடுகிறது. பழைய வண்டிக்கு அழகாகப் பெயின்டு அடித்துக் கொண்டுவந்த மறுநாளே மானிகள் எல்லாம் தவறாகக் காட்டுகின்றன என்று முறையிடுவோர் உண்டு. காரணம் அந்தப் பெயின்டுதான். திருகு உட்காரும் இடத்திலும் அது படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. சென்சரின் மரையில் கசிவுக்காக வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதாலும் இதே தொல்லை நேரலாம்.

எர்த்தைச் சோதிக்கும் விதம் எளிது. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு தனிக் கம்பியைக் கொண்டுவந்து, சந்தேகமுள்ள சென்சரின் உடம்பிலோ மானியின் பின்புறத்து உலோகத்திலோ தொட வேண்டும். தொட்டவுடன் முள் சரியான இடத்துக்கு நகர்ந்தால் குற்றம் எர்த்தினுடையதே. சோதனை மீட்டர் வைத்திருப்பவர்கள் சாவியைத் திருப்பி மானிகளை உயிர்ப்பித்துவிட்டு, பாட்டரியின் எர்த் முனைக்கும் சென்சரின் உடம்புக்கும் இடையே வோல்ட் பார்க்கலாம். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது என்று கொள்ளலாம். இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே சிறிது கிரீஸ் தடவிவிட வேண்டும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியையும் அப்போதே வெந்நீர் விட்டுக் கழுவிவிடலாம். களத்துமேட்டில் நிறுத்தும் வண்டிகளுக்கு எலித் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். கம்பிகளைக் கையால் தடவிக்கொண்டே போனால் கடிபட்ட இடம் அகப்படும்.

இரண்டு மானிகள் ஒரே சமயத்தில் ஒரே திசையில் தவறுவதுண்டு. டீசலும் உஷ்ணமும் இரண்டும் மிகுதியாகக் காட்டும், அல்லது இரண்டும் குறைவாகக் காட்டும். இரண்டு சென்சர்கள் ஒரே நாளில் கெடுவது அபூர்வம் என்பதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் அமைந்த பழைய வண்டிகள் பலவற்றில் பலகைக்குப் பின்னால் சிறு தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பாட்டரியின் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் மானிகளுக்குச் சராசரி 10 வோல்ட் மட்டுமே செல்லும்படி அது விட்டுவிட்டு மின்சாரம் தருகிறது. அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டாலோ, அதன் தகர உடம்பின் எர்த் விட்டுப்போனாலோ மானிகளுக்கு முழு மின்சாரமும் பாய்ந்து முட்கள் உயர்ந்துவிடும். இதை அறியாமல் இரண்டு சென்சர்களையும் மாற்றி, பிறகு இரண்டு மானிகளையும் மாற்றி, கடைசியில் இச்சிறு பெட்டியைத் திருகி இறுக்கியதும் சரியான வண்டிகள் உண்டு.

டீசல் மானியை ஒரு விளையாட்டுச் சாமானாக எண்ணுவது சரியல்ல. பெட்ரோல் வண்டியில் எண்ணெய் தீர்ந்தால் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். டீசல் எஞ்சினில் டாங்க் வறண்டால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். அதைத் திருகு திருகாகத் தளர்த்தி வெளியேற்றினாலன்றி எஞ்சின் பிடிக்காது. டாங்கின் அடியில் தங்கிய மண்டியும் அச்சமயத்தில் பில்டரை நோக்கி வரும். ஆகவே இம்மானியைச் சரி செய்வதில் செலவிடும் அரை நாள் வீண் அல்ல.

டாங்கின் மேல் உள்ள யூனிட்டிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் முள் ஒரு கோடிக்குச் செல்ல வேண்டும். அதே கம்பியின் நுனியை வண்டியின் சுத்தமான இரும்பில் தொட்டால் மறு கோடியை நோக்கி நகர வேண்டும். எந்தக் கோடி எதற்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரு கோடிக்கும் போகிறதா என்பதே கேள்வி. தொடும் இடம் டாங்கின் வாயிலிருந்து எட்ட இருக்க வேண்டும்; மூடி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும்; பீடி சிகரெட்டுடன் ஒருவரும் அருகில் நிற்கலாகாது. முள் கோடியை நெருங்கியதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். வெகுநேரம் வைத்திருந்தால் மானியின் சுருள் கருகும். முள் இரு பக்கமும் ஒழுங்காகப் போனால் மானியும் கம்பியும் நன்றாயிருக்கின்றன; குற்றம் யூனிட்டில் அல்லது அதன் எர்த்தில். முள் அசையவே இல்லையாயின் மானியின் பின்புறத்திலேயே இச்சோதனையைத் திரும்பச் செய்தால், கோளாறு கம்பியிலா மானியிலா என்பது விளங்கிவிடும்.

யூனிட்டைக் கழற்றியபின் மிதவையை எடுத்துக் காதருகே குலுக்க வேண்டும். உள்ளே டீசல் புகுந்திருந்தால் சலசலக்கும். அவ்வாறு கனத்த மிதவை எழாமல் மூழ்கிக் கிடந்து எப்போதும் காலி என்றே காட்டும். பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடமே ஓட்டை. உள்ளிருக்கும் டீசலைச் சொட்டுக்கூட இல்லாமல் வடிக்காமல் அதற்கு ஈயப்பற்று வைக்க முயலுவது ஆபத்து. புது மிதவை வாங்கிப் போடுவதே நலம். மிதவை நன்றாயிருந்தால், அதன் கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து மீட்டரில் மின்தடையைப் பார்க்க வேண்டும். எண் ஒழுங்காக ஏறி இறங்காமல் நடுவே துள்ளினால் தடைக்கம்பி தேய்ந்துவிட்டது என்பது பொருள். வருஷம் முழுவதும் டாங்கைப் பாதியளவிலேயே வைத்து ஓட்டுகிறவர்களின் வண்டியில் அந்த நடுப்பகுதியே முதலில் தேயும்.

கடையில் யூனிட் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். மரை பொருந்துகிறது, திருகுத் துளை பொருந்துகிறது என்று வாங்கிவிடுகிறார்கள். ஒருவகை யூனிட் காலியில் 240 ஓமும் நிறைவில் 33 ஓமும் காட்டும். மற்றொரு வகை காலியில் 10 ஓமும் நிறைவில் 180 ஓமும் காட்டும். ஒன்றுக்குரிய மானியில் மற்றதை இணைத்தால் நிறைந்த டாங்க் காலியாகவும் காலி டாங்க் நிறைவாகவும் தோன்றும். உஷ்ணத்துக்கும் எண்ணெய் அழுத்தத்துக்கும் உள்ள சென்சர்களிலும் இப்படியே. மானியும் சென்சரும் ஒரே ஜோடியாக வாங்கப்பட வேண்டும். பழையதைக் கையில் எடுத்துச் சென்று ஒத்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும்.

உஷ்ணமானியைச் சோதிப்பதற்குக் கொதிநீரைவிடச் சிறந்த கருவி வேண்டுவதில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சென்சரைக் கழற்றிப் பாத்திரத்திலுள்ள வெந்நீரில் தொங்கவிட்டு, அருகிலேயே ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து இரண்டையும் ஒப்பிடலாம். மின்சாரச் சென்சராயின் அதன் உடம்பை ஒரு கம்பியால் எர்த் செய்வதை மறக்கலாகாது. சமவெளியில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். நீலகிரி விவசாயிகள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மானி குறைத்துக் காட்டுகிறது என்று அதன்மேல் பழி போடலாகாது. மெல்லிய செப்புக் குழாயோடு கூடிய பழைய உஷ்ணமானிகளில் குழாய்க்குள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். குழாய் நசுங்கினாலோ முறிந்தாலோ அது வெளியேறி முள் என்றென்றும் கீழேயே படுத்திருக்கும். கிராமத்துப் பட்டறையில் இதற்குப் பரிகாரமில்லை. முழு மானியையும் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது கையில் பிடித்துக் குறிவைத்துப் பார்க்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தெர்மாஸ்டாட்டு இருக்கும் கூட்டின் மேல் குறிவைத்தால் ஏறக்குறைய எஞ்சினின் சூடு தெரியும். பளபளக்கும் உலோகத்தின்மேல் அவை குறைத்தே காட்டும். மங்கலான கறுப்புப் பெயின்டைச் சிறு வட்டமாக அவ்விடத்தில் பூசி, அதன்மேல் குறிவைப்பது உத்தமம்.

எண்ணெய் அழுத்தத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு வீண் பயமும் ஒரு வீண் தைரியமும் உண்டு. எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது முள் சற்று இறங்குவது இயற்கை. எண்ணெய் சூட்டில் நீர்த்துவிடுவதே காரணம்; கையேட்டில் குறித்த அளவுக்குக் கீழே போகாதவரை பயமில்லை. முள் ஏறவும் தாமதித்து இறங்கவும் தாமதித்தால் மெல்லிய குழாயில் மண்டி அடைத்திருக்கக்கூடும். எஞ்சினை நிறுத்திய பின்பும் பூஜ்யத்துக்குத் திரும்பாத முள், ஓடும்போது சொல்வதையும் நம்புவதற்கில்லை. சந்தேகம் தீராவிட்டால் மெக்கானிக்கிடம் உள்ள தனி அழுத்த மானியை அதே துளையில் திருகிப் பார்ப்பதொன்றே முடிவான சோதனை. அப்போது ஒன்றில் கிலோவும் மற்றொன்றில் பவுண்டும் இருந்தால் குழம்பக்கூடாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு 14.2 பவுண்டு ஆகும்.

முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில், அவ்விளக்கு எரியாதிருப்பதே நலம் என்று எண்ணித் தைரியமாக ஓட்டுகிறார்கள். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அது எரிந்தே ஆக வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். முன்னால் எரியாத விளக்கு பல்பு போய்விட்ட விளக்கு. எண்ணெய் முழுவதும் வடிந்தாலும் அது எரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு விநாடி இதைப் பார்ப்பதற்கு ஓட்டுபவரைப் பழக்க வேண்டும்.

ஆம்மீட்டரைக் குறித்துச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. எஞ்சின் கிளம்பியவுடன் முள் ஏற்றத்தின் பக்கம் சாய்ந்து, பாட்டரி நிறைந்ததும் நடுவுக்குத் திரும்புவது முறை. நடுவில் நிற்பதைக் கண்டு டைனமோவைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது விளக்கைப் போட்டால் ஏற்றப் பக்கம் சாய்கிறதாயின் கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனையே எர்த்தாக இருந்தது. பின்னால் மாற்றியமைக்கும்போது இத்தவறு நேரும். டைனமோவை எடுத்துவிட்டுப் பெரிய ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் பழைய ஆம்மீட்டரை அப்படியே விட்டுவைப்பது தீ விபத்துக்கு இடமாகும், ஏனெனில் ஏறும் மின்சாரம் அவ்வளவும் அதன் வழியாகவே செல்கிறது. அதற்குப் பதில் வோல்ட் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். நிறைந்த பாட்டரி எஞ்சின் நிற்கையில் சுமார் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்டும்.

கிராம அதிகாரிகளும், வண்டியை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை. பழைய வண்டிகளில் சுற்று வேகத்தையும் மணியையும் ஒரே மீட்டர், ஒரு கேபிளின் மூலமாகக் காட்டுகிறது. இதிலுள்ள மணி கடிகார மணி அல்ல. எஞ்சின் சுற்றிய சுற்றுகளின் கணக்கு. மீட்டர் நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்ற வேகத்தில் ஒரு மணியை ஒரு மணியாக எண்ணும்படி அமைந்திருந்தால், 1,000 சுற்றில் மூன்று மணி நேரம் ஓடிய வண்டிக்கு அது இரண்டு மணியே காட்டும். வாடகைக்கு எடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்தும், கொடுத்தவர் மீட்டரைப் பார்த்தும் எழும் வழக்குகளில் இருவரும் யோக்கியர்களாகவே இருக்கக்கூடும். எந்தக் கணக்கு என்பதை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு மின்சார மணிமீட்டர் வைத்தால் அது கடிகாரப்படியே ஓடும். எண்ணெய் மாற்றும் தவணையும் அதற்கேற்ப முந்திவரும். மாற்றிய தேதியையும் பழைய மீட்டர் காட்டிய எண்ணையும் வண்டிப் புத்தகத்தில் குறித்துவிட வேண்டும்.

முள் ஆடினால் கேபிள் முறுக்கியோ வறண்டோ இருக்கலாம். உருவித் துடைத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவ வேண்டும்; மேலே தடவினால் அது மீட்டருக்குள் ஏறிவிடும். கதிரடிக்கும் யந்திரத்தைப் பின்தண்டில் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு, தண்டு நிமிஷத்துக்கு 540 முறை சுற்றும் வேகத்தை மீட்டரில் குறித்திருக்கும் இடம் மிக முக்கியம். மீட்டர் குறைத்துக் காட்டினால் ஓட்டுபவர் வேகத்தை ஏற்றிவிடுவார், தானியம் நொறுங்கும். கையடக்கமான வேகமானியால் தண்டின் சுற்றை எட்ட நின்று அளந்து, அப்போது முள் நிற்கும் இடத்தில் கண்ணாடியின் மேல் பெயின்டால் ஒரு கோடு இட்டுவிடலாம். அளக்கும்போது வேட்டியையும் துண்டையும் தண்டுக்கு அருகில் கொண்டு போகலாகாது.

மானி பழுதுபார்த்து வரும் வரையில் டீசலுக்கு ஒரு மூங்கில் குச்சி போதும். டாங்க் காலியாக இருக்கும்போது ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியை நேராக விட்டு எடுத்து நனைந்த மட்டத்தில் கத்தியால் வெட்டுக்குறி இட வேண்டும். குச்சியைத் துடைத்து, தூசி படாமல் ஒரு துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியில் வைக்கலாம். பலகையைக் கழற்றும் நாளில் முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிற நூலைக் கட்டி, எது எங்கிருந்தது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டபின் திருகில் கை வைக்கலாம். எல்லாம் பூட்டியானதும் அந்த எர்த் முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும்.